வைரஸ் புகுந்த ஹார்டு டிஸ்கை வெளியிலிருந்து சுத்தம் செய்யும் முறை

கணினியில் வைரஸ் இருப்பதாகச் சந்தேகம் வந்ததும் பலரும் அதே கணினியில் பிரவுசரைத் திறந்து, கிடைத்த ஆன்டிவைரஸை இறக்கி, ஸ்கேன் பொத்தானை அழுத்துகிறார்கள். அரை மணி நேரத்தில் ‘எதுவும் இல்லை’ என்று பதில் வருகிறது. மறுநாள் அதே தொல்லை திரும்புகிறது.

ஸ்கேன் நடந்தது தீநிரல் (வைரஸ் போன்ற கெட்ட நிரல்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் என்பதுதான் காரணம். ஆன்டிவைரஸ் ஒரு ஃபோல்டரைப் பார்க்க வேண்டுமானால் ‘இதில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன’ என்று விண்டோஸிடம்தான் கேட்க வேண்டும். ரூட்கிட் எனப்படும் வகை அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தன் பெயரை மட்டும் நீக்கிவிட்டுப் பட்டியலைத் தரும். அவ்வளவு திறமை இல்லாத வைரஸ்கூட, ஓடிக்கொண்டிருக்கும் தன் கோப்பை அழிக்க விடாது. அழித்தாலும் துணைக்கு ஓடும் இன்னொரு நிரல் அதைத் திரும்ப எழுதிவிடும்.

அந்த விண்டோஸ் ஓடாத நேரத்தில் வைரஸ் என்பது டிஸ்கில் கிடக்கும் வெறும் கோப்பு. அதனால் ஒளியவும் முடியாது, தடுக்கவும் முடியாது. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் இணைப்பைத் துண்டியுங்கள்

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கடவுச்சொல் திருடும் நிரல்கள் திருடியதை அனுப்ப இணையம் வேண்டும். வெளியிலிருந்து கட்டளை பெறும் நிரல்களுக்கும் அப்படியே. பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு எது செருகியிருந்தாலும் எடுத்துத் தனியே வையுங்கள். அவற்றையும் பிறகு ஸ்கேன் செய்யாமல் எங்கும் செருகக் கூடாது.

இனி இந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்க வேண்டாம். கடவுச்சொற்களை மாற்றுவதாக இருந்தால் நல்ல நிலையில் உள்ள இன்னொரு கணினியிலோ போனிலோ செய்யுங்கள். தொற்று உள்ள கணினியில் புதிய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், அந்தப் புதிய சொல்லும் திருடுபோகும்.

கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத நீட்சி ஒட்டிக்கொண்டு, பணம் கேட்கும் குறிப்பும் இருந்தால் அது ரான்சம்வேர். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டே இருப்பதைக் கண்ணால் பார்த்தால், பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், மிஞ்சியவையாவது தப்பும். பூட்டப்பட்ட கோப்புகளையும் அந்தக் குறிப்பையும் அழிக்க வேண்டாம். டச்சு காவல்துறை, ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் முதலியவை 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், சில வகைகளுக்குப் பூட்டைத் திறக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த வகை என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்பும் ஒரு மாதிரிக் கோப்பும் தேவைப்படும். இன்று கருவி இல்லாத வகைக்குப் பின்னாளில் வரக்கூடும் என்பதால் பூட்டிய கோப்புகளின் பிரதியை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வைரஸை நீக்கினால் பூட்டு திறந்துவிடாது. இரண்டும் வேறு வேறு வேலை.

வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டிய மூன்று

முதலாவது, பிட்லாக்கர். சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி இது. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகியிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. அப்படிப்பட்ட டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ, பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) ‘செக்யூர் பூட்’ என்ற வசதியை (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடுவது) மாற்றினாலோ 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு கருவியில் உள்நுழைந்து அதை எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சாவி இல்லாமல் வேலையைத் தொடங்கிவிட்டு நடுவழியில் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, கணினியை முழுதாக அணைப்பது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் ஒரு பகுதி உறைநிலையில் டிஸ்கில் எழுதிவைக்கப்படும். அந்த நிலையில் டிஸ்கை வெளியிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் திறந்தால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். வற்புறுத்தி எழுதினால் கோப்பு அமைப்பு கெடலாம். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுனைக் கொடுத்தால் முழுமையாக அணையும்.

மூன்றாவது, டிஸ்கின் உடல்நலம். மெதுவாகிப்போன கணினியில் வைரஸே இல்லாமல் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரலில் ‘ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ என்ற இரு வரிகளையும் பாருங்கள். டிஸ்கில் பழுதான, பழுதென்று சந்தேகிக்கப்படும் இடங்களின் எண்ணிக்கை இவை. அங்கே பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்து, அது ஏறிக்கொண்டும் இருந்தால் ஸ்கேனைத் தொடங்காதீர்கள். முழு ஸ்கேன் என்பது டிஸ்கின் ஒவ்வொரு கோப்பையும் படிக்க வைப்பது. நலிந்த டிஸ்க் அதில் நின்றுபோகலாம். முதலில் தேவையான கோப்புகளைப் பிரதி எடுங்கள்.

வழி ஒன்று: டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்

கழற்றும் வேலை இல்லாத எளிய வழி. டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’, பிறகு ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ சென்று ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மீண்டும் தொடங்கி, வழக்கமான விண்டோஸுக்குள் போகாமல் மீட்புச் சூழலில் ஸ்கேன் செய்யும். ஏறக்குறைய 15 நிமிடத்தில் முடியும். கண்டுபிடித்தவை பின்னர் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ பக்கத்தில் தெரியும்.

டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் பழையதாக இருந்தால் பயன் குறைவு. இணையத்தைத் துண்டித்திருப்பதால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் தனியாகக் கிடைக்கும் புதுப்பிப்புக் கோப்பை வேறு கணினியில் இறக்கிக் கொண்டுவந்து நிறுவுங்கள். சாதாரண விளம்பர நிரல்கள், பழகிய டிரோஜன்கள் (நல்ல நிரல் போல வேஷமிட்டு வருபவை) பெரும்பாலும் இதிலேயே மாட்டிக்கொள்ளும். டிஃபெண்டரையே திறக்க விடாமல் வைரஸ் தடுக்கிறது என்றால் அடுத்த வழிக்குப் போக வேண்டியதுதான்.

வழி இரண்டு: மீட்பு பென்டிரைவ்

காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க், டாக்டர் வெப் லைவ்டிஸ்க் போன்றவை லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இலவச மீட்புத் தொகுப்புகள். நல்ல கணினியில் அவற்றின் ஐஎஸ்ஓ கோப்பைத் (முழுத் தொகுப்பும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, பூட் ஆகும் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் நிரல் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தொற்றுள்ள கணினியில் பென்டிரைவைச் செருகி, பவர் கொடுத்தவுடன் பூட் மெனு (எதிலிருந்து கணினியைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. மெனுவில் பென்டிரைவ் தெரிந்தும் பூட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் செக்யூர் பூட் தடுக்கிறது என்று பொருள். பயாஸில் அதைத் தற்காலிகமாக அணைத்து, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள். பிட்லாக்கர் சாவியை எழுதிவைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மீட்புச் சூழல் திறந்ததும் வைரஸ் பட்டியலைப் புதுப்பிக்க இணையம் வேண்டியிருக்கும். இப்போது கேபிளைச் செருகலாம். ஓடுவது பென்டிரைவில் உள்ள லினக்ஸ் என்பதால் டிஸ்கில் கிடக்கும் விண்டோஸ் வைரஸால் எதுவும் செய்ய முடியாது. பிறகு எல்லாப் பகிர்வுகளையும் (பார்ட்டிஷன், அதாவது டிஸ்கின் தனித்தனிப் பிரிவுகள்), பூட் செக்டரையும் (கணினி தொடங்கும்போது படிக்கப்படும் டிஸ்கின் தொடக்கப் பகுதி) தேர்ந்தெடுத்து ஸ்கேன் கொடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும்.

வழி மூன்று: டிஸ்கைக் கழற்றி நல்ல கணினியில் மாட்டுவது

பழைய கணினிகளுக்கும், தொடங்கவே மறுக்கும் கணினிகளுக்கும் இதுதான் நம்பகமான வழி. பிடித்த ஆன்டிவைரஸ் எதையும் முழு வசதியோடு பயன்படுத்தலாம், கோப்புகளையும் அப்போதே காப்பாற்றிக்கொள்ளலாம்.

மின் இணைப்பை எடுத்து, லேப்டாப்பில் பேட்டரியையும் கழற்றிய பிறகே டிஸ்கைத் தொடுங்கள். 2.5 அங்குல டிஸ்குக்கு யுஎஸ்பி–சாட்டா அடாப்டர் போதும் (சாட்டா என்பது டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் முறை). யுஎஸ்பியின் 5 வோல்ட்டே அதற்குப் பெரும்பாலும் போதுமானது. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் தனி மின்இணைப்பு உள்ள அடாப்டர்தான் தேவை. அது இல்லாமல் மாட்டினால் டிஸ்க் சுழலவே சுழலாது. பலர் டிஸ்க் போய்விட்டது என்று தவறாக முடிவு செய்வது இந்த இடத்தில்தான். எம்.2 எனப்படும் சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என இரண்டு வகை இருக்கின்றன. முனையில் பொதுவாக என்விஎம்இக்கு ஒரு வெட்டும் சாட்டாவுக்கு இரண்டு வெட்டும் இருக்கும். அடாப்டர் அதற்கேற்றதாக இல்லாவிட்டால் படிக்காது. வாங்கும்போது டிஸ்கின் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நல்ல கணினி முழுதாகப் புதுப்பிக்கப்பட்டு, அதன் ஆன்டிவைரஸும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2008இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் வைரஸ், பென்டிரைவ் செருகினாலே இயங்கும் ஆட்டோரன் வசதி வழியாகவும் தாவியது. விண்டோஸ் 7 முதல் அந்த வசதி யுஎஸ்பிக்கு அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ஃபோல்டரைத் திறந்து ஐகானைப் பார்த்தாலே ஓடும்படி ஒரு ஓட்டையைப் பயன்படுத்தியது. அந்த ஓட்டையும் அடைபட்டது. ஆனாலும் ஸ்கேன் முடியும்வரை டிஸ்கைத் திறந்து உலாவக் கூடாது என்ற பழக்கம் நல்லது. டிஸ்க் எழுத்தின் மேல் வலது கிளிக் செய்து நேராக ஸ்கேன் கொடுங்கள்.

தற்செயலாக ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் உள்ள ஒரு பயனரின் ஃபோல்டருக்குள் நுழைந்தால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரலாமா’ என்று விண்டோஸ் கேட்கும். தொடரச் சொன்னால் பழைய டிஸ்கில் அந்த ஃபோல்டரின் அனுமதி அமைப்பே மாற்றி எழுதப்படும். திரும்ப மாட்டிய பின் வேறு சிக்கல்கள் முளைக்கலாம். ஆன்டிவைரஸ் உயர் அனுமதியில் ஓடுவதால் அதற்கு இந்த மாற்றம் தேவையே இல்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? யுஎஸ்பி 2.0 துளையில் வேகம் நொடிக்கு 30–40 எம்பிதான். 500 ஜிபி தரவைப் படிக்கவே நான்கு மணி நேரம் போய்விடும். யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். பல கணினிகளில் உள்ளே நீல நிறமாக இருக்கும். கணினி தூங்கப்போகாதபடி ஸ்லீப் நேரத்தையும் நிறுத்திவையுங்கள். பாதி ஸ்கேனில் யுஎஸ்பி துண்டிக்கப்பட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரு நிரலின் ஸ்கேன் முடிந்த பின் வேறு நிறுவனத்தின் ஸ்கேனர் ஒன்றாலும் பாருங்கள். மால்வேர்பைட்ஸ், ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் ஆகியவை தேவைப்படும்போது மட்டும் ஓட்டத்தக்கவை. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், எனவே ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். எப்போதும் காவல் இருக்கும் வகை ஆன்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் நிறுவக் கூடாது. ஒன்றையொன்று வைரஸாகப் பார்த்துக் கணினியை முடக்கிவிடலாம்.

கிடைத்ததை உடனே அழிக்க வேண்டாம்

ஸ்கேனர் எதைப் பிடித்தாலும் ‘குவாரன்டைன்’ (இயங்க முடியாதபடி தனியே பூட்டிவைப்பது) கொடுங்கள், ‘டெலீட்’ வேண்டாம். விண்டோஸின் சொந்தக் கோப்பிலேயே வைரஸ் ஒட்டியிருந்தால், அதை அழித்த பின் கணினி பூட் ஆகாமல் போகலாம். குவாரன்டைனில் இருந்தால் திரும்ப எடுக்கலாம்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியிலும் கோப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்பது விண்டோஸின் நியாயமான நிரல். அது சிஸ்டம்32 அல்லது சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்க வேண்டும். அதே பெயர் ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா, டெம்ப் ஃபோல்டர்களில் இருந்தால் வேஷம். சந்தேகம் உள்ள ஒரு கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பு ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம், புத்தம் புது வைரஸாகவும் இருக்கலாம். டிஜிட்டல் கையொப்பம், கோப்பின் தேதி, இடம் மூன்றையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். சொந்த ஆவணங்களை அங்கே ஏற்ற வேண்டாம். ஏற்றியவை பிறருக்கும் கிடைக்கும்.

திரும்ப மாட்டிய பிறகு

வெளியிலிருந்து செய்யும் ஸ்கேன் கோப்புகளைப் பிடிக்கும்; வைரஸ் மாற்றிவைத்த அமைப்புகளைச் சரிசெய்யாது. பாதிப் பேர் இங்கே நிறுத்திவிடுவதால்தான் ‘திரும்ப வந்துவிட்டது’ என்கிறார்கள். இணையம் இல்லாமலே கணினியைத் தொடங்கி, கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

டிஃபெண்டரின் விலக்குப் பட்டியல் மிக முக்கியம். பல தீநிரல்கள் முதலில் செய்வதே சி டிரைவ் முழுவதையும் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பட்டியலில் சேர்ப்பதுதான். அதன்பின் டிஃபெண்டர் அங்கே பார்க்கவே பார்க்காது. நீங்கள் சேர்க்காத எல்லாவற்றையும் நீக்கி, ‘டாம்பர் புரொடெக்‌ஷன்’ (டிஃபெண்டரின் அமைப்புகளைப் பிற நிரல்கள் மாற்றாமல் காக்கும் வசதி) இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவை. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவச நிரல், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) ரன் சாவிகள், சர்வீஸ்கள், நேரம் குறித்த பணிகள், டபிள்யூஎம்ஐ (விண்டோஸின் நிர்வாக வசதி) எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் வசதியை இயக்கினால் பட்டியல் சுருங்கும். இளஞ்சிவப்பு வரிகள் கையொப்பம் சரிபார்க்கப்படாதவை. மஞ்சள் வரிகளில் சொல்லப்பட்ட கோப்பு டிஸ்கில் இல்லை. ஸ்கேனில் நீக்கிய வைரஸின் எச்சம் பெரும்பாலும் மஞ்சளில் தெரியும். சந்தேகமானவற்றின் டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகிவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நேரம் குறித்த பணிகளில் பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்எச்டிஏ போன்ற கட்டளை இயக்கும் விண்டோஸ் நிரல்களை நீண்ட புரியாத எழுத்து வரிசையோடு அழைக்கும் பதிவு இருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள். கோப்பை அழித்த பிறகும் மணிக்கொரு முறை இணையத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளும் வேலையை இத்தகைய பணிதான் செய்கிறது.

பிறகு நெட்வொர்க் அமைப்புகள்: நீங்கள் வைக்காத பிராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்), மாறியிருக்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரி, அதே வேலையைக் கணினிக்குள்ளேயே செய்யும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் வங்கி அல்லது ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர். பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குவதோடு, அறிவிப்பு அனுமதி பெற்ற தளங்களையும் பாருங்கள். மூலையில் வந்து ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று பயமுறுத்துபவை பல நேரங்களில் வைரஸ் அல்ல, நீங்கள் எப்போதோ அனுமதித்த அறிவிப்புகள். சொந்தக் கணினியில் பிரவுசர் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று சொன்னால், தீநிரல் கொள்கை விதிகளை எழுதியிருக்கலாம். பிரவுசர் ஒத்திசைவு (சிங்க்) இயங்கினால் நீக்கிய எக்ஸ்டென்ஷன் கணக்கு வழியாகத் திரும்ப வரும். அதை நிறுத்திவிட்டு நீக்குங்கள்.

இவை முடிந்த பின் இணையத்தை இணைத்து, விண்டோஸைப் புதுப்பித்து, முழு ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். விண்டோஸ் கோப்புகள் சேதமாகியிருந்தால் விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’ பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் வழியாக மறுநிறுவல் செய்யும் பொத்தான் உண்டு. உங்கள் கோப்புகளும் நிரல்களும் அப்படியே இருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று உறுதியான பிறகு பழைய ‘ரெஸ்டோர் பாயின்ட்’களை (விண்டோஸ் எடுத்துவைத்த முந்தைய நிலையின் பதிவுகள்) அழியுங்கள், அவற்றுக்குள்ளும் வைரஸ் சேமிக்கப்பட்டிருக்கலாம்.

எப்போது முழுதாக அழிப்பது?

சுத்தம் செய்வதில் நேரம் செலவழிக்கவே கூடாத சூழல்கள் உண்டு. சாலிட்டி, விரூட், ராம்னிட் போன்ற வைரஸ்கள் கணினியில் உள்ள இயங்கு கோப்புகளிலெல்லாம் தம்மை ஒட்டவைப்பவை. ஸ்கேனர் நூற்றுக்கணக்கான இஎக்ஸ்இ கோப்புகளைக் காட்டினால் இந்த வகை என்று கொள்ளலாம். ஒட்டும்போதே பல நேரங்களில் கோப்பைக் கெடுத்துவிடுவதால் வைரஸை எடுத்தாலும் நிரல் வேலை செய்யாமல் போகலாம். அதேபோல வெளியாள் தொலைவிலிருந்து கணினியை இயக்கியிருந்தாலோ, கடவுச்சொல் திருடும் நிரல் பிடிபட்டிருந்தாலோ, இருமுறை சுத்தம் செய்தும் திரும்பினாலோ, அழித்துப் புதிதாக நிறுவுவதே எங்கள் பரிந்துரை. எட்டு மணி நேரம் தேடியும் ‘போய்விட்டது என்று நினைக்கிறேன்’ என்ற நிலைதான் கிடைக்கும். இரண்டு மணி நேர மறுநிறுவல் அதைவிட நிச்சயமான பதில்.

படங்கள், ஆவணங்கள், பாட்டு, வீடியோ ஆகியவற்றை மட்டும் காப்பாற்றுங்கள். இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, பேட், விபிஎஸ், எஸ்சிஆர், ஷார்ட்கட் கோப்புகள், மேக்ரோ (உள்ளே பதிந்த கட்டளைகள்) உள்ள ஆபீஸ் கோப்புகள், கிராக் செய்த நிரல்களின் ஜிப்புகள் எதையும் எடுக்காதீர்கள். கடவுச்சொல் போட்ட ஜிப்பை ஸ்கேனரால் திறந்து பார்க்க முடியாது. அதற்காகவே வைரஸை அப்படி அனுப்புகிறார்கள்.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் கருவியால் நல்ல கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். கணினியில் வேறு டிஸ்குகள் இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்து அழிப்பது நாம் நினைப்பதைவிட எளிது. நிறுவும் திரையில் சி பகிர்வை மட்டும் ஃபார்மட் செய்தால் போதாது. பூட் பகுதி தனிப் பகிர்வில் இருப்பதால் அது தொடப்படாமல் போகும். அந்த டிஸ்கில் உள்ள எல்லாப் பகிர்வுகளையும் நீக்கி, ஒதுக்கப்படாத இடமாக்கி, அதன் மேல் நிறுவுங்கள். டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுத வேண்டியதில்லை. பழைய வைரஸின் எழுத்துகள் எங்கோ மிஞ்சியிருந்தாலும் அவற்றை இயக்க யாரும் இல்லை. பூஜ்யம் எழுதுவது டிஸ்கை விற்கும்போது தேவைப்படும் வேலை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், கணினி தாங்குமானால் 11ஐ நிறுவுங்கள்.

முழுதாக அழித்த பிறகும் திரும்பினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீங்கள் காப்பாற்றிய கோப்புகள், பென்டிரைவ்கள், அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கணினி ஆகியவற்றைத்தான். மதர்போர்டின் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) சிப்பிலேயே குடியேறும் வகை உண்மையாகவே இருக்கிறது. 2018இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த லோஜாக்ஸ் அப்படிப்பட்டது. ஆனால் சாதாரணப் பயனரின் கணினியில் அது மிக அரிது. ஐயம் தீரவில்லை என்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸைப் புதுப்பித்து, செக்யூர் பூட்டை இயக்கிவையுங்கள்.

கணக்குகள்

டிஸ்க் சுத்தமானாலும் முன்பே திருடுபோனது திரும்பாது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், மற்றக் கணக்குகளை மீட்கும் வழி அதுதான். அடுத்து வங்கி, பிறகு மற்றவை. இப்போதைய திருட்டு நிரல்கள் பிரவுசரின் குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகள்) எடுத்துச் செல்வதால், கடவுச்சொல்லோ இரண்டாம் சரிபார்ப்போ இல்லாமலே உள்ளே நுழைய முடிகிறது. எனவே ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கட்டாயம் கொடுங்கள். மின்னஞ்சல் அமைப்புகளில் நீங்கள் வைக்காத தானியங்கி முன்னனுப்பு (ஃபார்வர்டு) விதியோ, தெரியாத மீட்பு எண்ணோ சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். தொடக்கத்தில் எடுத்துத் தனியே வைத்த பென்டிரைவ்களையும் வெளி ஹார்டு டிஸ்கையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்த பிறகே திரும்பச் செருகுங்கள்.